சுங்கை சிப்புட்டில் காமிக்ஸ், சூப்பர் ஹீரோ படம், ரசிகர் கூட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். காமிக்ஸ் மாற்றிக்கொள்வோம், புதுப் படம் வந்திருந்தால் அதைப் பற்றிச் சண்டை போடுவோம். இந்தக் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, தலைவர் கிடையாது. (தலைவர் வைத்தால் ஆறு மாதத்தில் போட்டிச் சங்கம் ஒன்று முளைக்கும், நம் ஆட்களைத் தெரியாதா.) புதிதாக வருகிறவர்கள், வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள், பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோர் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாட்சாப்பில் திரும்பத் திரும்பத் தட்டி விரல் வலிக்கிறது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, நான் படம் மட்டும்தான் பார்த்திருக்கேன், புத்தகம் ஒண்ணும் படிச்சதில்ல. வரலாமா?

வரலாம். எங்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். இன்னும் சிலர் புத்தகம் மட்டும் படிப்பார்கள், படம் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஐயா ஒருவர், பழைய தோட்டக் கிராணி, வருவார். அம்புலிமாமாவுக்குப் பிறகு வந்த எதையும் அவர் மதிப்பதில்லை. அவரும் எங்கள் ஆள்தான்.

பரீட்சை எல்லாம் வைக்க மாட்டோம். யாராவது "அந்த வில்லனோட அப்பா பேரு சொல்லு பார்ப்போம்" என்று உங்களைச் சோதித்தால் என்னிடம் சொல்லுங்கள்.

மார்வெல், டிசி ரெண்டும் ஒண்ணுதானே?

இரண்டும் வேறு வேறு அமெரிக்க நிறுவனங்கள். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் டிசி. ஸ்பைடர்மேன், அயர்ன் மேன், ஹல்க், தோர் மார்வெல். சூப்பர்மேன் 1938இல் வந்தார், பேட்மேன் அடுத்த வருடமே, 1939இல். ஸ்பைடர்மேன் 1962இல்தான் பிறந்தார், ஆக சூப்பர்மேனுக்கு மகன் வயது.

எது உசத்தி என்று கேட்காதீர்கள். கேட்டால் அன்றைய மதியச் சாப்பாடு தாமதமாகும்.

மார்வெல் படம் முப்பதுக்கு மேல இருக்காமே, எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

நம் வீட்டுப் பாட்டிகளைப் பாருங்கள். முந்நூறாவது எபிசோடில் ஒரு சீரியலுக்குள் நுழைவார்கள், மூன்றாம் நாள் யாருக்கு யார் மாமியார், யார் விஷம் வைத்தது என்று நமக்கே கதை சொல்வார்கள். அதே வழிதான். எந்தப் படத்தின் சுவரொட்டி பிடித்திருக்கிறதோ அதில் தொடங்குங்கள், புரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்.

இல்லை, எனக்கு வரிசைதான் வேண்டும் என்பவர்களுக்கு: 2008இல் வந்த அயர்ன் மேன் முதல், அப்புறம் 2012இன் அவெஞ்சர்ஸ், அதற்குப் பிறகு பிளாக் பாந்தரும் இன்ஃபினிட்டி வாரும் (இரண்டும் 2018), கடைசியாக 2019இன் எண்ட்கேம். 2008க்கும் 2019க்கும் நடுவில் 23 படங்கள் ஒரே பெரிய கதையாக ஓடின. அத்தனையையும் பார்க்க விடுமுறை போட வேண்டும், நான் சொன்ன ஐந்து படங்களிலேயே முக்கால்வாசி விளங்கிவிடும். 2019க்குப் பிறகு வந்தவற்றில் சிலது நன்றாக இருக்கிறது, பல எனக்குப் பிடிக்கவில்லை, இது என் சொந்தக் கருத்து.

டிசி பக்கம் இப்போது சுலபம். 2025இல் வந்த சூப்பர்மேன் படத்தோடு திரைக் கதையைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள், பழையதைப் பார்க்காமல் நேராக அதில் உட்காரலாம்.

படம் முடிஞ்சு பேரெல்லாம் ஓடுது, அப்பவும் ஏன் எழுந்திருக்க மாட்டேங்கிறீங்க?

மார்வெல் படங்களில் பெயர்கள் ஓடிய பிறகு ஒரு குட்டிக் காட்சி வரும், அடுத்த படத்துக்கான தூண்டில் அது. முதல் அயர்ன் மேனிலேயே இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். சில படங்களில் இரண்டு காட்சிகூட இருக்கும்.

எண்ட்கேமில் அப்படிக் காட்சி எதுவும் இல்லை, கடைசியில் சுத்தியல் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அது தெரியாமல் ஈப்போவில் மூன்று மணி நேரப் படத்துக்குப் பிறகும் நாங்கள் எட்டுப் பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். துடைப்பத்தோடு நின்ற அக்கா எங்களைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தமிழ்ல காமிக்ஸ் இருக்கா? எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா ஓடாது.

இருக்கிறது, அதுவும் பல காலமாக. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியது, அதே குடும்பத்தின் லயன் காமிக்ஸ் 1984இல். இன்றும் வருகின்றன, வண்ணத்தில், நல்ல தாளில். இத்தாலியின் டெக்ஸ் வில்லர், பெல்ஜியத்தின் லக்கி லூக் எல்லாம் அங்கே தமிழ் பேசுவார்கள். கௌபாய் கதை என்றால் டெக்ஸ்தான், எங்கள் கூட்டத்தில் அவருக்கு இருக்கும் மரியாதை கேப்டன் அமெரிக்காவுக்குக் கிடையாது. ராணி காமிக்ஸ் 1984 முதல் 2005 வரை 500 இதழ்கள் வந்தது, இப்போது இல்லை.

எங்கள் லயத்தில் இருபது வீட்டுக்கு ஒரு ராணி காமிக்ஸ்தான் சுற்றும். தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறவர்கள் பெட்டியில் புளி, சேலைக்கு நடுவே நாலைந்து கொண்டு வருவார்கள். என் கைக்கு வரும்போது அட்டை இருக்காது, கடைசிப் பக்கமும் சில நேரம் இருக்காது. முடிவை நாங்களே உண்டாக்கிச் சொல்லிக்கொள்வோம். பல வருடம் கழித்து உண்மையான முடிவைப் படித்தபோது, எங்களுடையதே தேவலை என்று தோன்றிய கதைகளும் உண்டு.

மாயாவியும் இரும்புக்கை மாயாவியும் ஒரே ஆளா? அப்பா ஒண்ணு சொல்றாரு, மாமா ஒண்ணு சொல்றாரு.

வேறு வேறு ஆள். இதில் நிறைய வீடுகளில் சண்டை வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

இரும்புக்கை மாயாவி பிரிட்டிஷ் சரக்கு. 1962இல் அங்கே ஒரு வாரப் பத்திரிகையில் தொடங்கிய கதை. ஒரு கை போய், அதற்குப் பதில் இரும்புக் கை பொருத்தப்பட்ட மனிதர், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர் கதைதான்.

இன்னொரு மாயாவி, காட்டில் குதிரையும் ஓநாயுமாக, மண்டையோட்டுக் குகையில் வாழ்பவர், லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய பேன்டம். அவரை ராணி காமிக்ஸ் மாயாவி என்றது, முத்து காமிக்ஸ் வேதாளர் என்றது. ஆக அப்பா ராணி படித்தவர், மாமா முத்து படித்தவர், இருவரும் சொன்னது சரி. இந்த வேதாளருக்கு மந்திர சக்தி ஒன்றும் கிடையாது. அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன் என்று 21 தலைமுறையாக அதே முகமூடியைப் போடுவதால் அவர் சாகாதவர் என்று காட்டு மக்கள் நம்புகிறார்கள், அவ்வளவுதான்.

மலேசியாவுக்குன்னு சொந்தமா யாரும் இல்லையா?

ஏன் இல்லை? தொண்ணூறுகளின் கடைசியில் டிவியில் வந்த கெலுவாங் மேன் கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது அப்பா அம்மா ஆகிவிட்டார்கள். வௌவால் வேஷம், பேட்மேனைக் கிண்டல் செய்த மாதிரி இருக்கும், ஆனால் பேச்சும் தெருவும் அச்சு அசல் நம் ஊர். 2025இல் அதை ஆட்கள் நடிக்கும் படமாகவே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே 2006இல் சிச்சாக்மேன், பல்லி மனிதன், வந்து நன்றாக ஓடியது.

சூப்பர் ஹீரோ வேண்டாம், காமிக்ஸ் போதும் என்றால் நம் பேராக்கின் டத்தோ லாட். அவருடைய கம்போங் பாய் 1979இல் வந்தது. ஆறு, பள்ளி, கல்யாணம், பக்கத்து ஈயச் சுரங்கம், இதை வைத்தே ஒரு முழுப் புத்தகம். என் மகளுக்கு முதலில் கொடுத்த காமிக்ஸ் அதுதான். தோட்டத்து வாழ்க்கையை அப்படி ஒருவர் தமிழில் வரைய மாட்டாரா என்று எனக்கு ஓர் ஏக்கம் உண்டு, வரைகிறவர் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கூட்டத்துக்கு வாருங்கள், டீ என் செலவு.

ஒரு புத்தகம் எண்பது வெள்ளி சொல்றாங்க. கட்டுப்படியாகலையே?

எனக்கும் கட்டுப்படியாகாது. 2009இல் தொடங்கிய பிக் பேட் வுல்ஃப் மலிவு விற்பனை ஈப்போ பக்கம் வந்தால் நாங்கள் வேன் பிடித்துப் போவோம், காமிக்ஸ் மேசை எது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், மத்தியானத்துக்குள் கலைந்துவிடும். மே மாதம் முதல் சனிக்கிழமை உலகம் முழுக்க இலவச காமிக்ஸ் நாள், 2002இலிருந்து நடக்கிறது. கலந்துகொள்ளும் கடைகளில் அதற்கென்றே அச்சடித்த இதழைச் சும்மா தருவார்கள். சின்ன ஊர்க் கடைகளில் எதிர்பார்க்காதீர்கள், கோலாலம்பூர் போகிற வேலை அந்த வாரம் இருந்தால் பாருங்கள்.

இணையத்தில் வாங்கும்போது கவனம். "முழுத் தொகுப்பு, பாதி விலை" என்று ஒருவரிடம் வாங்கி ஏமாந்தவன் நான். வந்தது நகல் எடுத்த தாள், நடுவில் பன்னிரண்டு பக்கம் தலைகீழ். உள்பக்கப் படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட மலிவு, மேலே சொன்ன லயத்து வழி. எங்கள் கூடத்தில் மூன்று பெட்டி இருக்கிறது. ஒன்று கொண்டு வந்து வையுங்கள், ஒன்று எடுத்துப் போங்கள். முதல் தடவை வெறுங்கையோடு வந்தாலும் எடுத்துப் போகலாம்.

தம்பி, என் மகன் இதையே படிச்சிட்டு உட்கார்ந்திருக்கான். எஸ்பிஎம் வருது, கெட்டுப் போயிட மாட்டானா?

அக்கா, பையன் எதையோ உட்கார்ந்து படிக்கிறானே, அதுவே இந்தக் காலத்தில் பெரிய விஷயம். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு தமிழில் ஒரு பக்கம்கூடப் புரட்டாத பிள்ளைகளை எனக்குத் தெரியும், டெக்ஸ் வில்லருக்காக மட்டும் தமிழ் மறக்காமல் இருக்கிற பையன்களையும் தெரியும். இங்கிலீஷும் அப்படித்தான், படம் கூடவே இருப்பதால் தெரியாத சொல்லை ஊகித்துவிடலாம்.

ஆனால் பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்னால் பெட்டியைப் பூட்டுங்கள், தப்பே இல்லை. எஸ்பிஎம் எழுதுகிற பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி இரண்டு மாதம் நாங்களும் புத்தகம் கொடுப்பதில்லை.

சின்னப் பிள்ளையை சூப்பர் ஹீரோ படத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

டிக்கெட் வாங்குமுன் தரத்தைப் பாருங்கள். யூ என்றால் எல்லோரும், பி12 என்றால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெற்றோர் துணையோடு, 13, 16, 18 என்று இருந்தால் அந்த வயது ஆனவர்களுக்குத்தான். முகமூடியும் இறுக்கமான உடுப்பும் இருந்தாலே குழந்தைப் படம் என்று நினைக்க வேண்டாம். எங்களில் ஒருவர், டெட்பூலும் சிவப்பு உடுப்புதானே, ஸ்பைடர்மேனின் தம்பியாக இருக்கும் என்று ஆறு வயது மகனுக்கு வீட்டில் போட்டுக் காட்டத் தொடங்கினார், மூன்றாவது நிமிடத்தில் ரிமோட்டைத் தேடினார். அதெல்லாம் 18.

ஸ்பைடர்மேன் ஒரு படத்துல அவெஞ்சர்ஸ் கூட இருக்கான், இன்னொண்ணுல அவங்களைத் தெரியவே தெரியாது. என்ன குழப்பம் இது?

கதையில் குழப்பம் இல்லை, காசில்தான். தொண்ணூறுகளில் மார்வெல் கடனில் மூழ்கி, 1996இல் திவால் மனு போடும் நிலைக்கே போனது. அந்தக் காலத்தில் கையில் இருந்த பாத்திரங்களின் திரைப்பட உரிமையை ஒவ்வொரு ஸ்டூடியோவுக்காகக் கொடுத்தார்கள். ஸ்பைடர்மேன் சோனிக்குப் போனார், எக்ஸ்மென் ஃபாக்ஸுக்குப் போனார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், குறித்த காலத்துக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை திரும்பிவிடும், அதனால்தான் சோனி விடாமல் எடுத்துக்கொண்டே இருக்கிறது.

பிறகு மார்வெல் மிச்சம் இருந்தவர்களை வைத்துத் தானே படம் எடுத்தது, அந்த மிச்சத்தில் ஒருவர்தான் அயர்ன் மேன். 2009இல் டிஸ்னி மார்வெலை வாங்கியது. 2015இல் சோனியும் மார்வெலும் உடன்பாடு செய்துகொண்ட பிறகுதான் ஸ்பைடர்மேன் மற்றவர்களோடு ஒரே படத்தில் நின்றார். 2019இல் டிஸ்னி ஃபாக்ஸையும் வாங்க, எக்ஸ்மென் வீடு திரும்பினார்கள். இதைப் புரிந்துகொண்டால், எந்த ஆள் ஏன் எந்தப் படத்தில் இல்லை என்ற கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

கோலாலம்பூர்ல பெரிய விழா நடக்குதாமே, நம்ம ஊர்ல இருந்து போக முடியுமா?

போகலாம். காமிக் ஃபியஸ்டா என்று பெயர், 2002இலிருந்து நடக்கிறது, டிசம்பரில். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அங்கே மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்), அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்), வீடியோ விளையாட்டு ரசிகர்கள்தான் அதிகம், அமெரிக்க சூப்பர் ஹீரோக்கள் கொஞ்சம் ஓரமாகத்தான் இருப்பார்கள். நான் போவது ஓவியர்கள் வரிசைக்காக. சின்னச் சின்ன மேசை போட்டு, தாங்களே வரைந்து அச்சிட்ட புத்தகம், ஒட்டி, சாவிக்கொத்து விற்பார்கள், வரைந்தவரோடு நின்று பேசலாம்.

இங்கிருந்து இடிஎஸ் ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். பள்ளி விடுமுறை வேறு, ரயில் டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் விழா டிக்கெட்டைப் பாருங்கள், நாங்கள் ஒரு தடவை மாற்றிச் செய்து விடிகாலை பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். தண்ணீர் போத்தல், ரொக்கம், தட்டையான செருப்பு, ஒரு பாக்கெட் நாசி லெமாக். உள்ளே சாப்பாட்டு வரிசையில் நின்றால் ஒரு மணி நேரம் போய்விடும்.

வேஷம் போட்டுட்டு வரணுமா? எப்படிச் செய்யறது?

கட்டாயம் இல்லை, ஆசை இருந்தால் போடுங்கள். காமன் கூத்துக்கும் பொன்னர் சங்கருக்கும் தோட்டத்தில் வேஷம் கட்டிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம், நமக்கு இது புதிதா என்ன.

கவசம் செய்யப் பிள்ளைகள் உட்காரும் புதிர்ப்பாய் போதும், அந்த ஃபோம்தான் எல்லோரும் பயன்படுத்துவது. தாளில் அளவு வெட்டி, ஃபோமில் வரைந்து, கூரான கத்தியால் அறுத்து, சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் வளைத்து, செருப்பு ஒட்டும் மஞ்சள் பசையால் ஒட்டுங்கள். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டுங்கள், அந்த வாடை தலையைச் சுற்றும். சாயம் பூசுமுன் பசையைத் தண்ணீரில் கரைத்து ஒரு பூச்சு கொடுக்கிறவர்கள் உண்டு, வெள்ளைப் பசை என்றால் மட்டும் அது நடக்கும், மஞ்சள் பசை தண்ணீரில் கரையாது.

முகமூடிக்கு ரப்பர் பால் ஊற்றலாமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். என் மாமா முப்பது வருடம் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அவர் கையால் எடுத்த பாலை அச்சில் ஊற்றிப் பார்த்துவிட்டோம். காய்ந்தது, உரித்தோம், அழகாகவே இருந்தது. ஒரு மாதத்தில் பிசுபிசுவென்று ஒட்டி, புகைக்கூண்டு வாடை வந்து, அம்மா குப்பையில் போட்டுவிட்டார். கடையில் விற்கும் முகமூடிப் பாலில் அம்மோனியாவும் ரப்பரை உறுதியாக்கும் பொருள்களும் கலந்திருக்கும், அது இல்லாமல் நிலைக்காது. சிலருக்குப் பால் பட்டால் உடம்பு தடிக்கும், முதலில் முழங்கையில் தொட்டுப் பாருங்கள்.

விளையாட்டுத் துப்பாக்கி எடுத்துட்டு வரலாமா?

அசல் போலவே இருந்தால் கூடவே கூடாது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம், "வேஷத்துக்குத்தான் சார்" என்ற பேச்சு ரயில் நிலையத்தில் எடுபடாது. ஃபோமில் செய்து, பச்சை, ஆரஞ்சு என்று பளிச்சென்று சாயம் பூசினாலும் விழாவின் விதியை முதலில் படியுங்கள். தோரின் சுத்தியலை எடுத்து வாருங்கள், அதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

நான் கறுப்பா இருக்கேன். சூப்பர்மேன் வேஷம் போட்டா சிரிப்பாங்களா?

இதை நேரில் யாரும் கேட்பதில்லை, இரவு பதினொரு மணிக்குத் தனிச் செய்தியாக வரும். சிரிக்கிறவன் எங்கேயும் ஒருவன் இருப்பான், பொய் சொல்ல மாட்டேன். எங்கள் கூட்டத்தில் சிரித்தால் வெளியே அனுப்பிவிடுவோம், ஒரு தடவை அனுப்பியும் இருக்கிறோம்.

பிளாக் பாந்தர் 1966லேயே வந்துவிட்டார். ஸ்பைடர்மேன் வேஷத்தையே 2011இலிருந்து மைல்ஸ் மொராலெஸ் என்ற கறுப்பினப் பையனும் போடுகிறான், பவித்ர் பிரபாகர் என்ற இந்திய ஸ்பைடர்மேன் 2004இல் காமிக்ஸிலும் 2023இல் படத்திலும் வந்தாயிற்று. ஆனால் நீங்கள் கேட்டது சூப்பர்மேனை. அவர் வேறு கிரகத்தில் பிறந்து, வயல்காட்டில் விவசாயி வீட்டில் வளர்ந்தவர். தோட்டத்துப் பையன் போடாமல் அதை வேறு யார் போடுவது? நெஞ்சில் எஸ் எழுத்து கோணாமல் இருக்கட்டும், அதைத்தான் நாங்கள் குறை சொல்வோம்.

பொண்ணுங்க தனியா வரலாமா? கேட்காம போட்டோ எடுக்கறாங்களே.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பாதிக்குப் பாதி பெண்கள்தான், அம்மா, அத்தையோடு வந்தாலும் சந்தோஷம். பெரிய விழாவுக்கு மூன்று நான்கு பேராகப் போங்கள். கேட்காமல் படம் எடுப்பது, தோளில் கை போடுவது எல்லாம் தவறு, வேஷம் போட்டிருப்பது அதற்கு அனுமதி ஆகாது. நடந்தால் சத்தமாகவே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடையாள அட்டை போட்ட ஊழியரிடம் போங்கள். எங்கள் பையன்களுக்கும் இதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

நாமே மண்டபத்துல புரொஜெக்டர் வச்சுப் படம் போட்டா என்ன?

ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் வீட்டில் பார்க்கச் சந்தா கட்டியதைப் பொதுவில் போட உரிமை கிடையாது. பொதுவில் காட்டும் படத்துக்குத் தணிக்கை வாரியத்தின் அனுமதியும் வேண்டும். டிக்கெட் வைக்காவிட்டாலும் அதேதான். இதைத் தெரியாமல் ஒரு தடவை சுவரொட்டி வரை அடித்துவிட்டோம், மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் கடைசி நேரத்தில் கேட்டதால் தப்பித்தோம். அன்றைக்குப் படத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு காட்சியை நடித்துக் காட்டினார்கள், கிராணி ஐயா வேதாளம் விக்கிரமாதித்தன் கதை சொன்னார், பிள்ளைகள் அவரைத்தான் எழுந்திருக்க விடவில்லை.

அடுத்த கூட்டம் எப்போ?

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி. கோயிலில் திருவிழாவோ கல்யாணமோ இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவோம். கடன் வாங்கிய புத்தகத்தைக் கொண்டு வாருங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கிழிந்த பக்கத்தையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.